ஃபீட் ரீடர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு தளம் தன் புதிய இடுகைகளை எந்திரம் படிக்கும் வடிவில் தரும் கோப்புதான் ஃபீட், அதாவது ஓடை; பல தளங்களின் ஓடைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் மென்பொருள் ஃபீட் ரீடர். அவற்றில் ஒன்றான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த ரீடர்கள் இன்று ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இடப்பக்கம் அடைவுகள், நடுவில் தலைப்புகள், ஜே விசையை அழுத்தினால் அடுத்த இடுகை, கே விசையை அழுத்தினால் முந்தையது. அதனால் திரைப்பிடிப்புகளை வைத்து ரீடரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஓடையை யார் போய் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள், படிக்காததை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், தமிழில் தேடினால் சிக்குகிறதா, விலகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பவற்றில்தான் ரீடருக்கு ரீடர் வேறுபாடு. இந்த ஐந்தையும் உங்கள் சொந்தப் பட்டியலை வைத்துச் சோதிக்கும் வழி இது.

பட்டியலை முதலில் தயார் செய்யுங்கள்

எந்த ரீடரிலும் கணக்குத் தொடங்குவதற்கு முன் நீங்கள் தொடர நினைக்கும் தளங்களின் ஓடை முகவரிகளைச் சேகரியுங்கள். பெரும்பாலான ரீடர்களில் தளத்தின் முகப்பு முகவரியை இட்டாலே போதும், ஓடையை அவையே கண்டுபிடித்துவிடும். ஆனாலும் சரியான முகவரி கையில் இருப்பது நல்லது. ஒரே தளத்துக்கு இடுகைகளின் ஓடை, பின்னூட்டங்களின் ஓடை, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஓடை என்று பல இருக்கும். ரீடர் தவறான ஒன்றைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

முகவரி அமைப்பு தளத்தின் மென்பொருளைப் பொறுத்தது. இங்கே தமிழில் எழுதியிருப்பவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின்னால் /ஃபீட்/ சேர்த்தால் போதும். ஒரு பகுதியை மட்டும் தொடர அந்தப் பகுதியின் பக்க முகவரிக்குப் பின்னால் அதையே சேர்க்கலாம். பிளாகர் வலைப்பதிவுக்கு /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட். சப்ஸ்டாக் மடலுக்கு /ஃபீட். மாஸ்டடான் பயனர் பக்கத்துக்கும் ரெடிட் குழுவுக்கும் முகவரியின் கடைசியில் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ். யூடியூப் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு, கடைசி 15 காணொளிகள் அதில் இருக்கும். சேனல் பக்க முகவரியை அப்படியே கொடுத்தாலே ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர் மூன்றும் ஏற்றுக்கொள்ளும்.

தமிழ் வலைப்பதிவுகள் பல பிளாகரில் இருப்பதால் அதைப் பற்றிக் கூடுதலாக இரண்டு விவரங்கள். ஒரு பதிவரின் குறிப்பிட்ட லேபிளை மட்டும் தொடரலாம்: மேலே சொன்ன பிளாகர் முகவரிக்குப் பிறகு சாய்கோடு, சிறுகோடு, சாய்கோடு, பிறகு லேபிளின் பெயர். சமையலும் அரசியலும் கலந்து எழுதுபவரிடம் சமையலை மட்டும் வாங்கிக்கொள்ள இதுவே வழி. லேபிள் தமிழில் இருந்தால் அந்த முகவரியை ஒருமுறை உலாவியில் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுங்கள். தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறி (%) கொண்ட குறிகளாக மாறி வரும். சில ரீடர்கள் தமிழ் எழுத்துள்ள முகவரியை நேரடியாக ஏற்காது, குறிகளாக மாறியதை ஏற்கும். இரண்டாவது விவரம் பழைய பட்டியல்களுக்கு. 2012க்குப் பிறகு சில ஆண்டுகள் பிளாகர் தன் வலைப்பதிவுகளை நாட்டுக்கு நாடு வேறு பின்னொட்டுக்குத் திருப்பிவிட்டது. அப்போது சேமித்த முகவரிகள் ‘டாட் இன்’ என்று முடிந்திருந்தால் அவற்றை ‘டாட் காம்’ என்று மாற்றிவிடுங்கள்.

எதிலும் அடங்காத தளத்தில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து (விண்டோஸில் கண்ட்ரோலும் யூவும்) ஆர்எஸ்எஸ், ஆட்டம் (ஓடையின் இரண்டு வடிவங்கள்) என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஓடை இருந்தால் பக்கத்தின் தலைப்பகுதியில் அதன் முகவரி எழுதப்பட்டிருக்கும். முன்பு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியே இதைக் காட்டிக்கொடுக்கும். 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

திரட்டிய முகவரிகளை ஓபிஎம்எல் கோப்பாக (ஓடைப் பட்டியலை ரீடருக்கு ரீடர் கொண்டுபோகும் பொது வடிவம்) வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு ரீடரில் எல்லாவற்றையும் சேர்த்து, ஏற்றுமதி செய்தால் இந்தக் கோப்பு கிடைத்துவிடும். சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால் ஓடைக்கு ஒரு வரியாக, தலைப்பும் ஓடை முகவரியும் தள முகவரியும் தெரியும். கையால் திருத்திச் சேமிக்கும்போது குறிமுறை யூடிஎஃப்-8 என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். பழைய நோட்பேடில் ஆன்சி என்று சேமித்துவிட்டால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஓடையை எடுப்பது உங்கள் கருவியா, வேறொரு வழங்கியா?

ரீடர்களில் இரண்டு இனம். முதல் இனம் உங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ இருந்துகொண்டு நேரடியாகத் தளங்களுக்குப் போய் ஓடையை எடுத்துவரும். மேக், ஐஃபோனில் ஓடும் நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டில் ஓடும் ஃபீடர், மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டுக்குள் இருக்கும் ஓடை வசதி ஆகியவை இந்த இனம். மூன்றுமே இலவசம், திறமூலம், ஓடை எண்ணிக்கைக்கு வரம்பில்லை. கருவி அணைந்திருந்தால் எதையும் எடுக்காது என்பதே இவற்றின் ஒரே பெரிய குறை.

இரண்டாவது இனத்தில் ஒரு வழங்கி (எப்போதும் இணையத்தில் இயங்கும் கணினி) இரவும் பகலும் ஓடைகளை எடுத்துச் சேமித்துக்கொண்டே இருக்கும்; நீங்கள் உலாவியிலோ செயலியிலோ திறந்து படிப்பீர்கள். ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், தி ஓல்ட் ரீடர், ஃபீட்பின் ஆகியவை அடுத்தவர் நடத்தும் வழங்கிகள். மினிஃப்ளக்ஸ், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் இரண்டும் நீங்களே நிறுவி நடத்தக்கூடியவை.

கருவி அணைந்திருப்பது எப்போது சேதம் செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடைகள் பொதுவாகத் தளத்தின் மொத்த இடுகைகளையும் தருவதில்லை, கடைசிச் சிலவற்றை மட்டுமே தரும். வேர்ட்பிரஸில் மாற்றாமல் விட்டால் 10, பிளாகரில் 25. ஒரு செய்தித்தளம் நாளுக்கு 96 செய்தி வெளியிடுகிறது, ஓடையில் 20 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 செய்தி. 5 மணி நேரத்தில் ஓடை முழுவதும் புதிதாகிவிடும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடர் ஒவ்வொரு சுற்றிலும் 4 செய்தியை இழக்கும். இரவு 10 மணிக்குக் கணினியை அணைத்துக் காலை 7 மணிக்குத் திறந்தால், அந்த 9 மணி நேரத்தில் இதே வேகத்தில் வந்த 36 செய்திகளில் 16 உங்கள் கண்ணிலேயே படாது. வாரத்துக்கு ஒரு இடுகை போடும் வலைப்பதிவிலோ, மாதம் முழுக்கக் கணினியைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் தப்பாது.

ஆகவே நீங்கள் தொடர்வதெல்லாம் வலைப்பதிவுகள்தான் என்றால் கருவியில் ஓடும் இலவச ரீடரே போதும், மேலே படிக்கக்கூட வேண்டாம். தண்டர்பேர்டு இயல்பாக 100 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். வலைப்பதிவுக்கு அது தாராளம். செய்தித்தளங்களும் சேரும்போது, அல்லது கைப்பேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகக் காட்ட வேண்டும் என்னும்போதுதான் வழங்கி தேவைப்படுகிறது.

வழங்கி ரீடர்கள், ஒவ்வொன்றாக

விலையும் வரம்பும் மாறக்கூடியவை. கீழே உள்ள எண்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 ஓடை, 3 அடைவு. புதிதாகத் தொடங்குபவருக்குத் தோற்றத்தில் மிக எளியது இதுதான். ஆனால் சேர்த்த ஓடைகளுக்குள் தேடுவதும், வேண்டாத சொற்களை ஒதுக்குவதும் கட்டணத் திட்டத்தில்தான். இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: சுமார் 30 நாளில் படிக்காதவை தானாகப் படித்தவையாகிவிடும். விடுமுறையில் ஒன்றரை மாதம் கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

இனோரீடர் இலவசமாக 150 ஓடை தருகிறது, விளம்பரங்களுடன். இதன் பலம் விதிகள்: ‘தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் இந்தக் குறிச்சொல்லைப் போடு, படித்ததாக்கு’ என்று எழுதி வைக்கலாம். ஓடையே இல்லாத பக்கத்தைக் கண்காணித்து அதிலிருந்து ஓடை உருவாக்கும். ஒரே செய்தி இரண்டு தளங்களிலிருந்து வந்தால் ஒன்றை மறைக்கும். இவையெல்லாம் கட்டணத் திட்டத்துக்குள் வருபவை. நூறு ஓடைக்கு மேல் வைத்துக்கொண்டு, அதில் பாதி செய்தித்தளமாக இருப்பவர் பணம் கட்டத் தகுந்த ரீடர் இது. வெறும் 30 வலைப்பதிவுக்கு இது தேவைக்கு அதிகம்.

நியூஸ்பிளரில் இலவசம் 64 ஓடை; கட்டணம் ஆண்டுக்கு 36 டாலர். மற்ற ரீடர்களில் இல்லாத ஒரு பயிற்சி முறை இதில் உண்டு. ஒரு இடுகையின் ஆசிரியர், குறிச்சொல், தலைப்பிலுள்ள சொல், தளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லலாம். பிடிக்காதவை மறைந்துகொள்ளும், பிடித்தவை பச்சையில் தனித்துத் தெரியும். ஒரே இடுகையில் இரண்டும் மோதினால் பிடித்ததே வெல்லும். ஆகவே பிடிக்காதது என்று நிறையக் குறித்தாலும் விருப்பமான எழுத்தாளர் விடுபடமாட்டார். இது யூகம் செய்யும் எந்திரம் இல்லை, நீங்கள் சொன்னதை மட்டுமே செய்யும். அதனால் ஏன் ஒரு இடுகை மறைந்தது என்று எப்போதும் கண்டுபிடிக்க முடியும். மற்ற ரீடர்களின் தானியங்கிப் பரிந்துரைகளைவிட இதை நாங்கள் மேலாக மதிக்கக் காரணம் அதுதான். பழைய இடுகைகள் அனைத்தையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆண்டுக்கு 99 டாலர் காப்பகத் திட்டம் தனியாக இருக்கிறது.

தி ஓல்ட் ரீடர் பழைய கூகுள் ரீடரின் சாயலில் எழுதப்பட்டது, இலவசம் 100 ஓடை. பெரிய வசதிகள் கிடையாது. ஃபீட்பினில் இலவசத் திட்டமே இல்லை, மாதம் 5 டாலர். கணக்கோடு ஒரு மின்னஞ்சல் முகவரி தருவதால், மின்மடல்களை அந்த முகவரிக்கு வரவைத்து ரீடரிலேயே படிக்கலாம். இதற்காக மட்டும் ரீடர் மாற வேண்டியதில்லை. ‘கில் தி நியூஸ்லெட்டர்’ என்ற இலவசத் தளம் மின்மடலை ஓடையாக மாற்றித் தருகிறது, அந்த ஓடையை எந்த ரீடரிலும் சேர்க்கலாம்.

இந்திய அட்டையில் பணம் கட்டுபவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சுக்குப் பிறகு தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது; வங்கிச் செயலியில் இயக்கிக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் முதல் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் அங்கீகார விதி இருப்பதால், வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் புதுப்பிப்பு அடிக்கடி மறுக்கப்படும். மாதாமாதம் கட்டுவதைவிட ஆண்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டு, முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்வதே தொல்லையில்லாதது. புதுப்பிப்பு மறுக்கப்பட்டுக் கணக்கு இலவச நிலைக்கு இறங்கினால் வரம்புக்கு மேலுள்ள ஓடைகள் நின்றுபோகும்.

நீங்களே நடத்துவது

மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை வழங்கியோ, வீட்டில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோ இருந்தால், ஓடை வரம்பு, நாள் வரம்பு, விளம்பரம் எதுவும் இல்லாத ரீடர் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் வழங்கியே முடிவு செய்துவிடும். பிஎச்பி நிரல்மொழி மட்டும் ஓடும், பலர் பகிர்ந்துகொள்ளும் மலிவான வழங்கி என்றால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். அதற்கு எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளம் போதும். மினிஃப்ளக்ஸுக்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் கட்டாயம். மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் டாக்கர் இருந்தால் இரண்டும் சுலபம்.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிறுவும்போது தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ‘டேட்டா’ அடைவில் எழுதும் உரிமை இணைய வழங்கிக்கு இல்லாமல் போவது முதலாவது. நிறுவல் பக்கமே அதைச் சொல்லிவிடும். இரண்டாவது பாதுகாப்பு சார்ந்தது: வெளியுலகுக்குத் திறக்க வேண்டியது ‘பி’ என்ற ஒற்றை எழுத்து அடைவை மட்டும், முழு அடைவையும் அல்ல. மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. கிரான் பணியை (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) அமைக்காவிட்டால் நீங்களே புதுப்பிக்கச் சொல்லும்போது மட்டுமே ஓடைகள் புதுப்பிக்கப்படும். வழங்கி இருந்தும் பயனில்லை, கருவியில் ஓடும் ரீடரின் குறை அப்படியே வந்துவிடும். புதுப்பிக்கும் நிரலை மணிக்கு இருமுறை, இணைய வழங்கியின் பயனராக இயங்கவிடுங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓட்டினால் கோப்பு உரிமைகள் கெட்டு மறுபடி முதல் சிக்கலுக்கே வருவீர்கள்.

கைப்பேசிச் செயலியை இணைக்க, அமைப்புகளில் உள்நுழைவுப் பகுதியில் ஏபிஐ (பிற செயலிகள் இணையும் வழி) அனுமதியை இயக்கி, பயனர் விவரப் பக்கத்தில் அதற்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லைச் செயலியில் இட்டுவிட்டு ‘உள்நுழைய முடியவில்லை’ என்று தவிப்பவர்கள் நிறைய. நெட்நியூஸ்வயர் போன்ற செயலிகள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுடன் நேரடியாகப் பேசும்.

மினிஃப்ளக்ஸ் மிகச் சிக்கனமானது. நேரக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், கிரான் வேண்டாம். இயல்பாக 60 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். படித்தவற்றை 60 நாளிலும் படிக்காதவற்றை 180 நாளிலும் அகற்றும். இந்த மூன்றையும் அமைப்பில் மாற்றலாம். நிறுவும் வேலையே வேண்டாம் என்பவருக்கு, மினிஃப்ளக்ஸை எழுதியவரே ஆண்டுக்கு 15 டாலருக்கு நடத்தித் தருகிறார். இந்தப் பட்டியலில் மலிவான கட்டண ரீடர் அது.

புதுப்பிக்கும் இடைவெளியைப் பேராசையோடு குறைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினால் ரெடிட் போன்ற தளங்கள் உங்கள் முகவரியைத் தடுத்துவிடும். அப்போது 429 என்ற பிழை எண் வரும். தனி ஆளின் வலைப்பதிவுக்கு மணிக்கு ஒருமுறையே அதிகம்.

தமிழில் தேடலும் வடிகட்டலும்

ரீடர்களை ஒப்பிடும் ஆங்கிலக் கட்டுரைகள் தொடாத பகுதி இது. தமிழ் ஓடைகளைப் படிப்பவருக்கு இதுவே முடிவை மாற்றக்கூடும்.

தேடல் இரண்டு விதம். எழுத்து வரிசை எங்கே இருந்தாலும் பிடிப்பது ஒன்று, முழுச்சொல்லை மட்டும் பிடிப்பது மற்றொன்று. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இரண்டாவது விதம் பாதியைக் கோட்டைவிடும். ‘சென்னை’ என்று தேடினால் ‘சென்னையில்’, ‘சென்னைக்கு’ கிடைக்காது. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் எழுத்து வரிசையைத் தேடுகிறது, அதனால் இவை சிக்கும். மினிஃப்ளக்ஸின் தேடல் போஸ்ட்கிரஸின் முழுச்சொல் தேடல், அங்கே நழுவும். எந்த ரீடரானாலும் சோதனை ஒரு நிமிட வேலைதான்: உருபு ஏறிய சொல் உள்ள ஒரு இடுகையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அதன் வேர்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள்.

எழுத்து வரிசையைத் தேடும் ரீடரிலும் முழு வடிவத்தை இடாதீர்கள். ‘மரம்’ என்று வடிகட்டி போட்டால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ இரண்டும் தப்பிவிடும். ‘மர’ என்று குறைத்தால் ‘மரபு’, ‘மரணம்’ எல்லாம் உள்ளே வந்துவிடும். எனவே மாறும் வடிவங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: மரம், மரத், மரங். மகர மெய்யில் முடியும் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றும் வேண்டும். ‘மரத்’ என்பதில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘மரத’ என்று எழுதினாலும் போதும். கணினியில் புள்ளி தனிக் குறியீடு என்பதால் ‘மரத’ என்ற வரிசை ‘மரத்தை’, ‘மரத்துக்கு’ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மினிஃப்ளக்ஸில் ஓடை வாரியாகச் சுருங்குறித்தொடரால் (எழுத்து அமைப்பைக் குறிகளால் விவரிக்கும் தேடல் வடிவம்) வடிகட்டலாம். அதில் ஒரு பள்ளம் உண்டு. சொல்லின் எல்லையைக் குறிக்க ஆங்கிலத்துக்குப் பயன்படும் ‘பின்சாய்கோடு பி’ தமிழுக்கு வேலை செய்யாது. மினிஃப்ளக்ஸ் எழுதப்பட்டுள்ள கோ நிரல்மொழியின் தேடல் பொறி ஆங்கில எழுத்தை மட்டுமே சொல்லெழுத்தாக எண்ணுகிறது. அதைச் சேர்த்து எழுதிய தமிழ் வடிகட்டி எதையும் பிடிக்காமல் சும்மா இருக்கும், பிழைச்செய்தியும் வராது. எடுத்துவிட்டு எழுத்து வரிசையை மட்டும் இடுங்கள்.

வடிகட்டி சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் வேலை செய்யவில்லையா? ‘கொ’ போன்ற எழுத்துகளைச் சந்தேகியுங்கள். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல். நீங்களே தட்டச்சு செய்யாமல், அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்து சொல்லை நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டினால் தீர்ந்துவிடும்.

இரண்டு வாரச் சோதனை

மொத்தப் பட்டியலையும் எல்லா ரீடரிலும் ஏற்றாதீர்கள். பன்னிரண்டு ஓடை கொண்ட சிறிய ஓபிஎம்எல் கோப்பு ஒன்றைத் தயாரியுங்கள்: நிறைய வெளியிடும் செய்தித்தளம் இரண்டு (பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு, அதை ஒன்றாக வைக்கலாம்), பிளாகர் வலைப்பதிவு மூன்று, வேர்ட்பிரஸ் இரண்டு, தமிழ் லேபிள் ஓடை ஒன்று, யூடியூப் சேனல் ஒன்று, சுருக்கத்தை மட்டும் தரும் ஓடை ஒன்று, ஆண்டுக்கு நாலைந்து இடுகை மட்டும் வரும் வலைப்பதிவு ஒன்று, சந்தாதாரர் குறைவாக இருக்கக்கூடிய சிறு வலைப்பதிவு ஒன்று.

கடைசியாகச் சொன்னது முக்கியம். பொது வழங்கிகள் எல்லா ஓடையையும் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை. பலர் தொடரும் ஓடையை அடிக்கடியும், ஒருவரே தொடரும் ஓடையை எப்போதாவதும் எடுக்கும். பிரபலமான தளத்தை வைத்து மட்டும் சோதித்தால் எல்லா ரீடரும் வேகமானதாகத்தான் தெரியும். உங்களைப்போல் நாலு பேர் படிக்கும் பதிவருக்குப் புதிய இடுகை எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது என்பதே உண்மையான அளவு.

அதே கோப்பை மூன்று ரீடரில் ஒரே நாளில் ஏற்றுங்கள். முதல் நாளில் தெரியும் பழைய இடுகைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பொது வழங்கியில் வேறு யாரோ முன்பே அந்த ஓடையைச் சேர்த்திருந்தால் பழையவை நிறைய வரும். நீங்கள்தான் முதல் ஆள் என்றால் ஓடையில் அன்று இருப்பது மட்டும் வரும். ஏழாம் நாள், பரபரப்பான செய்தித்தளத்தில் முந்தைய ஒரு முழு நாளின் இடுகைகளை மூன்று ரீடரிலும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறையும் ரீடர் இழக்கிறது என்று பொருள். சிறு வலைப்பதிவில் இடுகை வெளியான நேரத்தையும் ரீடரில் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் கைப்பேசியில் மட்டும் படியுங்கள்: தமிழ் வரிகளின் இடைவெளியைக் கூட்ட முடிகிறதா, எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்புகள் வெட்டுப்படுகின்றனவா, இணையம் இல்லாதபோது திறக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கம் மட்டும் தரும் ஓடையில் முழுக் கட்டுரையையும் இழுக்கும் வசதியைச் சோதியுங்கள். நியூஸ்பிளரில் அது ‘டெக்ஸ்ட்’ காட்சி. மினிஃப்ளக்ஸில் ஓடை அமைப்பில் மூல உள்ளடக்கத்தை எடு என்ற தேர்வு. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் கட்டுரை இருக்கும் பகுதியின் சிஎஸ்எஸ் தெரிவியை (பக்க நிரலில் அந்தப் பகுதியைச் சுட்டும் பெயர்) நீங்களே தர வேண்டும். கடைசியதில் வேலை அதிகம், ஆனால் தானியங்கிக் கணிப்பு தடுமாறும் தளங்களில் அதுதான் துல்லியம். அந்தப் பதிவர் தெரிந்தவர் என்றால் கேட்டே பார்க்கலாம்: பிளாகர் அமைப்பில் தள ஓடையை ‘முழுமை’ என்றும், வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்பில் ‘முழு உரை’ என்றும் மாற்ற அவருக்கு அரை நிமிடம் போதும்.

ஓடை வராதபோது எங்கே பார்ப்பது

403 என்று காட்டினால் தளம் ரீடரின் வழங்கியை எந்திரம் என்று எண்ணித் தடுக்கிறது. அதே முகவரி உங்கள் உலாவியில் திறந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த ஓடையை மட்டும் கருவியில் ஓடும் ரீடரில் வைத்துக்கொள்ளுங்கள். 404 என்றால் முகவரி மாறியிருக்கலாம், மூலநிரலில் புதிதாகத் தேடுங்கள்.

‘எக்ஸ்எம்எல் பிழை, முதல் வரி’ (எக்ஸ்எம்எல் என்பது ஓடை எழுதப்படும் வடிவம்) என்பது வேர்ட்பிரஸ் தளங்களின் பழைய நோய். ஏதோ ஒரு செருகுநிரல் ஓடைக்கு முன்னால் வெற்று வரியைத் தள்ளிவிடுகிறது. வாசகரால் சரிசெய்ய முடியாது, தளம் நடத்துபவர் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தளத்தின் பழைய இடுகைகள் திடீரென்று மொத்தமாகப் புதியவைபோல் வந்து குவிந்தால், இடுகைகளின் அடையாள எண்கள் மாறியிருக்கின்றன. தளம் புதிய முகவரிக்கோ பாதுகாப்பான இணைப்புக்கோ மாறும்போது இது நடக்கும். அந்த ஓடையை மட்டும் ஒருமுறை படித்ததாகக் குறித்துவிடுங்கள். இடுகைகள் எப்போதும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நின்றால், தளம் இந்திய நேரத்தை கிரீன்விச் நேரம் என்று எழுதுகிறது. அந்த ஓடை பட்டியலின் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தனி அடைவுக்கு மாற்றினால் மற்றவற்றை மறைக்காது.

மாறும்போது எடுத்துப்போவது

ஓபிஎம்எல் கோப்பில் ஓடைகளும் அடைவுகளும் மட்டும் இருக்கும். எது படித்தது, எது நட்சத்திரமிட்டது, என்னென்ன விதிகள் எழுதினீர்கள் என்பவை அதில் வராது. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நட்சத்திரமிட்டவற்றைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும். எங்கே அந்த வசதி இல்லையோ அங்கே நட்சத்திரத்தைச் சேமிப்பிடமாகப் பயன்படுத்தாதீர்கள். வைத்துக்கொள்ள வேண்டிய கட்டுரையை உலாவியின் புத்தகக்குறியிலோ கோப்பாகவோ வைத்துவிடுங்கள். விதிகளை உரைக்கோப்பு ஒன்றில் எழுதி ஓபிஎம்எல் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

ஏற்றுமதியை மாதம் ஒருமுறை செய்யுங்கள், கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். புதிய ரீடரில் இறக்குமதி செய்தவுடன் இரண்டு பக்கமும் ஓடைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். குறைந்தால் பெரும்பாலும் இலவச வரம்பு இடித்திருக்கும், அல்லது செத்துப்போன ஓடைகளைப் புதிய ரீடர் ஏற்காமல் விட்டிருக்கும். எல்லா ஓடையையும் ஒருமுறை படித்ததாகக் குறித்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். பழைய கணக்கை இரண்டு வாரம் கழித்து மூடலாம். அதற்கு முன் அங்கே சேமித்திருந்த அட்டை விவரத்தை நீக்கிவிடுங்கள்.